பாய்மரத்துக்குள் தட்டிய கம்பி

முதல் இரவே அந்தச் சத்தம் கேட்டது. மலேசியாவின் லங்காவித் தீவில், படகுத்துறையில் கட்டிக் கிடந்த படகு. பெரிய அலை ஒன்றும் இல்லை. யாராவது பெரிய படகில் கடந்து போனால் லேசாக ஆடும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் தலைக்கு மேலே, அலுமினியப் பாய்மரத்துக்குள்ளிருந்து டக், டக் என்று ஏதோ தட்டியது. சற்று நிற்கும், மறுபடியும் தட்டும்.

"தூக்கம் வரலையா தம்பி? அது அப்படித்தான். எனக்குப் பழகிடுச்சு" என்றார் சித்தப்பா இருட்டுக்குள்ளிருந்து.

"இது பழகிக்கிற சத்தம் இல்ல சித்தப்பா. உள்ள கேபிள் கட்டில்லாமத் தொங்குது. ஆடுறப்பல்லாம் மரத்துல அடிக்குது."

"எந்தக் கேபிள்?"

"நீங்க என்னை எதுக்குக் கூப்பிட்டீங்களோ, அதேதான்."

அவர் என் அப்பாவின் சித்தப்பா மகன். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்றதும் 36 அடி நீளப் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார். வாடைக்காற்று நிலைகொள்ளும் ஜனவரியில் நண்பர்கள் இரண்டு பேரோடு இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. லங்காவியிலிருந்து ஏறக்குறைய 1,150 கடல் மைல். எனக்குத் தொழில் படகு எலக்ட்ரானிக்ஸ். தூத்துக்குடியில் விசைப்படகுகளின் விஎச்எஃப் ரேடியோக்களை, அதாவது கடலில் பக்கத்துத் தூரம் பேசும் ரேடியோக்களைப் பழுது பார்த்துக் கற்றுக்கொண்டேன். இப்போது பினாங்கில் அதே வேலை செய்கிறேன். "ரேடியோ சரியில்ல, வந்து பாரு" என்று கூப்பிட்டதும் நான்கு நாள் லீவு போட்டுப் படகேறிவிட்டேன்.

பிரச்சினை இதுதான். எட்டு கடல் மைல் தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிற டாங்கர் கப்பலை, எல்லாக் கப்பல்களும் காது வைத்திருக்கும் பொது அழைப்புச் சேனலான 16-ல் கூப்பிட்டால் பதில் வராது. பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டால் கணீரென்று கேட்கும். சித்தப்பா ரேடியோவைக் குறை சொல்லிப் புதியது வாங்கினார். அதுவும் அப்படியே. ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்து, ஆண்டெனா சரியாக இருக்கிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (எண் 1-க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது) ரேடியோவுக்குப் பின்னால் மாட்டிப் பார்த்துவிட்டு, "1.4 காட்டுது, அருமையா இருக்கு" என்று சொல்லிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த 1.4 என்ற எண்ணைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். பாய்ப்படகு வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அதை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள்.

விசைப்படகில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. ஆண்டெனா, படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரையில் நிற்கும். ரேடியோ அதற்குக் கீழேயே இருக்கும். நடுவில் ஐந்து மீட்டர் கேபிள் இருந்தால் அதிகம். பாய்ப்படகில் ஆண்டெனாவைப் பாய்மர உச்சியில் வைப்பார்கள். காரணம் சரியானதுதான். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அடிவானத்துக்கு அப்பால் கொஞ்சம்தான் வளையும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். சித்தப்பா படகின் உச்சி தண்ணீரிலிருந்து 15 மீட்டர், ஆக 16 கிலோமீட்டர். எதிரே வரும் கப்பலின் ஆண்டெனா 45 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்குக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 23 கடல் மைல் தூரத்திலேயே பேசிக்கொள்ள முடிய வேண்டும். கையில் பிடிக்கிற வாக்கிடாக்கியோடு படகில் நின்றால் உங்கள் பங்கு ஆறு கிலோமீட்டரைத் தொடாது. உயரத்தின் அருமை அது.

ஆனால் உயரத்துக்கு விலை கேபிள். 15 மீட்டர் மரத்துக்குள், அப்புறம் கேபினுக்குள் ஐந்து மீட்டர், ஆக 20 மீட்டர். பழைய படகுகளில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 156 மெகாஹெர்ட்ஸில் அது புத்தம் புதிதாக இருக்கும்போதே 20 மீட்டரில் 4 டெசிபல் தின்றுவிடும். 25 வாட் உள்ளே போனால் 10 வாட் மேலே வரும். நாற்பது வயதான படகில், உப்புக்காற்றில், மரத்துக்குள் இரவும் பகலும் அடிபட்ட கேபிள் எவ்வளவு தின்னும்?

அடுத்த நாள் காலை, காற்று எழும்புவதற்கு முன்பே மரத்தில் ஏறினேன். துணி நாற்காலியில் உட்கார்ந்தால் கீழிருந்து கப்பிக் கயிற்றில் இழுத்துக்கொள்வார்கள். இரண்டாவது கயிறு ஒன்றைத் தனியாக இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொண்டேன். எந்த நாளும் ஒற்றைக் கயிற்றை நம்பி ஏறக் கூடாது. ஸ்பேனர், கத்தி எல்லாவற்றுக்கும் நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். 15 மீட்டரிலிருந்து விழுகிற ஸ்பேனர் கீழே நிற்பவரின் உயிருக்கு ஆபத்து.

உச்சியில் ஆண்டெனாவைக் கழற்றினேன். கேபிளின் முனை அந்தரத்தில், ஒன்றோடும் சேராமல் நின்றது. கீழே சித்தப்பா கையில் என்னுடைய ஆண்டெனா அனலைசர். இந்த நிலையில் நல்ல கேபிளாக இருந்தால் அனுப்பிய சக்தியில் பெரும்பகுதி திரும்பி வந்து, மீட்டர் ஏகத்துக்கும் ஏறிவிட வேண்டும்.

"எவ்வளவு சித்தப்பா?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

"ஆண்டெனாவே இல்லையே. சரியாப் பாருங்க."

"மூணு தரம் பாத்துட்டேன். ஒண்ணு புள்ளி ஆறுதான்."

எஸ்டபிள்யூஆர் மீட்டர் திரும்பி வருகிற சக்தியைத்தான் பார்க்கிறது. குறைவாகத் திரும்பினால், ஆண்டெனா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம் கொள்கிறோம். வழியிலேயே கேபிள் தின்றுவிட்டாலும் குறைவாகத்தான் திரும்பும். போகும்போது கொஞ்சம் தின்று, வரும்போதும் கொஞ்சம் தின்று, கீழே இருக்கிற மீட்டருக்கு எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். கேபிள் கெடக் கெட மீட்டரின் எண் அழகாகிக்கொண்டே போகும். ஆண்டெனா இல்லாமல் 1.6 என்றால் ஒருவழி இழப்பு ஆறு டெசிபலுக்கு மேல். சந்தேகம் தீர, உச்சியிலேயே வாட் மீட்டரையும், ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடையும் மாட்டிக்கொண்டு, கீழே சித்தப்பாவைப் பேசும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். ரேடியோ 25 வாட் கொடுத்தது. என் கண்ணெதிரே முள் ஆறு வாட்டைக்கூடத் தொடவில்லை.

ஏஐஎஸ் கருவி, அதாவது கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று தானாகவே ரேடியோவில் சொல்லிக்கொள்ளும் கருவி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறு படகுகளில் பரவலாக இருக்கும் கிளாஸ் பி கருவியின் சக்தியே 2 வாட்தான். அதையும் இப்படி ஒரு கேபிளில் கொடுத்தால் வெளியே போவது அரை வாட்டுக்கும் குறைவு. திரையில் மற்ற கப்பல்களை நாம் பார்த்துக்கொண்டிருப்போம், அவர்களுக்கு நம்மைத் தெரியாது. மலாக்கா நீரிணையில் இரவில் அது என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கேபிளை வெளியே இழுத்தபோது காரணம் தெரிந்தது. உச்சியில் இருந்த கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை உருகி டேப் பிரிந்து கிடந்தது. பிஎல்-259 கனெக்டர் தண்ணீர் புகாத கனெக்டர் அல்ல. மழை நீர் உள்ளே இறங்கியிருந்தது. திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் கேபிளின் செம்புப் பின்னல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. மேலுறையைக் கத்தியால் கீறினேன். செம்பு பளபளக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டையின் கறுப்பு. இரண்டு மீட்டர் தள்ளிக் கீறினேன், அங்கும் கறுப்பு. அடித்து அடித்து நடுவில் ஓரிடத்தில் மேலுறை தேய்ந்து பின்னல் வெளியே தெரிந்தது. மரத்தில் தட்டிக்கொண்டே இருந்த இடம் அதுதான்.

சித்தப்பா அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ஜின் ரூம்ல இதெல்லாம் முதல்ல பாத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

புதிய கேபிளாக ஆர்ஜி-213 எடுத்தோம், செம்பின் மேல் வெள்ளீயம் பூசியது. 20 மீட்டரில் இதன் இழப்பு 2 டெசிபலுக்குள் நிற்கும். இதைவிட இழப்பு குறைந்த எல்எம்ஆர்-400 கேபிளைச் சிலர் சொல்வார்கள். அதன் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, செம்பு போர்த்திய அலுமினியம். அதன் மேல் அலுமினியத் தாள். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் என்னவாகும் என்று தெரிந்த எனக்கு அதை மரத்துக்குள் போட மனம் வரவில்லை. ஆர்ஜி-213-க்கும் ஒரு குறை உண்டு. அது கனம். மரத்துக்குள் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறும். உச்சியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்க்கப் பார்க்கும் என்பதால் பந்தயப் படகுக்காரர்கள் இதை விரும்ப மாட்டார்கள். காலிக்குப் போகிற படகுக்கு நான் இதைத்தான் போடுவேன்.

கேபிள் போடுகிற வேலையில் ஓர் உத்தி சொல்கிறேன். உச்சியில் தொங்கிக்கொண்டு சால்டரிங் செய்ய முயல வேண்டாம். காற்று சூட்டைத் தின்றுவிடும், பின்னல் சரியாக ஒட்டாது. மேல் முனைக்கான கனெக்டரைக் கேபின் மேசையிலேயே 100 வாட் சால்டரிங் அயர்னில் பொறுமையாகச் செய்துவிடுங்கள். பழைய கேபிளை இழுக்கும்போதே அதன் வாலில் நூல் கயிறு ஒன்றைக் கட்டி மரத்துக்குள் விட்டுவைத்திருப்பீர்கள் அல்லவா? அந்தக் கயிற்றில் புதிய கேபிளின் வெறும் முனையைக் கட்டி, உச்சியிலிருந்து கீழ் நோக்கி இறக்க வேண்டும். கீழ் முனைக் கனெக்டரைக் கேபினுக்குள் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

தட்டுகிற சத்தத்துக்கு மருந்து, பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் டைகள். ஒவ்வொரு மீட்டருக்கும் மூன்று டைகளை ஒரே இடத்தில், மூன்று திசையில் வால் நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்கிக் கட்டினேன். வாலை வெட்டவில்லை. உள்ளே போகும்போது மடங்கிக்கொண்டு போகும். போய் நின்றதும் விரிந்து, கேபிளை மரத்தின் சுவரில் படாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும். கேபிளின் பாரம் கனெக்டரில் தொங்காதபடி உச்சியில் தனியாகக் கட்டி நிறுத்த வேண்டும். மரத்துக்குள் குழாய் இருக்கிற படகுகளுக்கு இந்த டை வேலை தேவையில்லை.

அப்புறம் டேப். தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் சுய-இணைப்பு டேப் ஒன்று உண்டு. அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறியிருந்தால் மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அதற்கு மேலே வெயிலைத் தாங்க இன்னொரு டேப். கனெக்டருக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவு கீழே இறக்கி மேலேற்றினால், தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

ஆண்டெனா பற்றி ஒரு வார்த்தை. சேனல் 16-ன் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 1.9 மீட்டர், அதில் பாதி 95 சென்டிமீட்டர். உச்சியில் நிற்கிற அந்தக் குச்சி ஒரு மீட்டருக்குள் இருப்பது அதனால்தான். விசைப்படகுகளில் உள்ள நீள ஆண்டெனா இன்னும் தூரம் போகுமே என்று சித்தப்பா கேட்டார். நீள ஆண்டெனா அலையைத் தட்டையாக, கிடைமட்டமாக அனுப்பும். பாய்ப்படகோ காற்றில் இருபது டிகிரி சாய்ந்தே ஓடும். அப்போது ஒரு பக்கத்து அலை கடலுக்குள்ளும் மறு பக்கத்து அலை வானத்துக்கும் போய்விடும். இந்தக் குட்டைக் குச்சிதான் சாய்ந்தாலும் நாலா பக்கமும் கேட்கும். இன்னொன்று, இந்த ஆண்டெனாக்கள் பலவற்றில் அடியில் ஒரு சுருள் இருக்கும். மல்டிமீட்டரில் அளந்தால் ஷார்ட் என்றே காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல ஆண்டெனாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

மாலையில் மறுபடி அளந்தோம். ஆண்டெனாவோடு 1.3. கழற்றிவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 5. உச்சியில் 16 வாட்டுக்கு மேல். அன்று இரவு மரம் மௌனமாக இருந்தது.

விஎச்எஃப் கரையோரத்துக்கும் பக்கத்தில் வரும் கப்பல்களுக்கும் போதும். நடுக்கடலுக்கு வெகுதூரம் பேசும் எச்எஃப் ரேடியோ வேண்டும். சித்தப்பாவிடம் மலேசிய ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான உரிமம் உண்டு, ரேடியோவும் இருந்தது, ஆண்டெனா மட்டும் இல்லை. பாய்மரத்தைப் பின்புறமிருந்து இழுத்துப் பிடிக்கும் எஃகு வடத்தையே ஆண்டெனாவாக மாற்றுவது பழைய வழக்கம். மேலே ஓர் இன்சுலேட்டர், கீழே ஓர் இன்சுலேட்டர், நடுவில் பதினொன்றரை மீட்டர். கீழ் இன்சுலேட்டரை ஆள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொன்னேன். 100 வாட் ஓடும்போது அந்த வடத்தைக் கைப்பிடியாகப் பிடித்தவர் கை வெந்துபோகும்.

ஆண்டெனா பாதி வேலைதான். மறுபாதி தரை, அதாவது எர்த். படகுக்குத் தரை என்றால் கடல், அதைவிட நல்ல தரை எங்கும் கிடையாது. சாதாரண மண்ணைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மின்சாரம் கடத்தும். ரேடியோவையும் ஆண்டெனாவையும் இசைய வைக்கும் ட்யூனரிலிருந்து மூன்று அங்குல அகலச் செம்புத் தகட்டை எடுத்துக்கொண்டு போய், படகின் அடியில் இருக்கும் வெண்கலக் குழாய்வாயில் சேர்ப்பதாகச் சொன்னேன்.

சித்தப்பா உடனே தடுத்தார். "வேண்டாம் தம்பி. ப்ரொப்பல்லர், வெண்கலம், படகுக்கு அடியில இருக்கிற கீல் இரும்பு எல்லாத்தையும் செம்புல கோத்துக் கடல்தண்ணில விட்டா அது பேட்டரி. எது மட்டமோ அது கரைஞ்சுபோகும். முப்பது வருஷம் இதைத்தான் பாத்திருக்கேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதற்கு வழி உண்டு. தகட்டை நடுவில் வெட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதன் மேல் பீங்கான் கபாசிட்டர்களைப் பாலமாக ஒட்டினேன். ரேடியோ அலை கபாசிட்டரைத் தாண்டிவிடும். உலோகத்தை அரிக்கிற நேர்மின்சாரம் தாண்ட முடியாது. மல்டிமீட்டரை இரண்டு பக்கமும் வைத்து, தொடர்பு இல்லை என்று தானே உறுதி செய்துகொண்ட பிறகுதான் சித்தப்பா தலையசைத்தார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இப்போது படகுகளில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது, ரேடியோ எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஸ்டார்லிங்க் நல்லதுதான், சித்தப்பா படகிலும் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்களை நோக்கி வருகிற கப்பலின் தொலைபேசி எண் உங்களுக்குத் தெரியாது. சேனல் 16-ல் கூப்பிட்டால் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானில் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் அதே ரேடியோவில்தான் செய்திகளை வெளியே அனுப்பினார். சித்தப்பாவின் வழி அந்தத் தீவுகளுக்குத் தெற்கே, கிரேட் நிக்கோபாரை ஒட்டிப் போகிறது.

கடைசி நாள் ஒரு வேலை பாக்கி இருந்தது. 2018 செப்டம்பரில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், இந்தியப் பாய்ப்படகு வீரர் அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு புயலில் புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்த அவர், செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியில்தான் தன் நிலையைத் தெரிவித்தார். செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. பாய்மரம் போனால் உச்சியில் இருக்கிற ஆண்டெனாவும், பின் வடத்து ஆண்டெனாவும் அந்த நிமிடமே போய்விடும். அதனால் இன்னொரு விஎச்எஃப் குச்சியை ஐந்து மீட்டர் கேபிளோடு, இரு முனையும் கனெக்டர் போட்டு, சித்தப்பாவின் படுக்கைக்கு அடியில் வைத்தேன். பின்பக்கக் கம்பித் தடுப்பில் அதை மாட்டும் கொக்கியையும் பொருத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நான்காவது தடவை ஒரு நிமிடத்துக்குள் மாட்டிவிட்டார்.

ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். எங்கள் தாத்தா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். தோணி துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வருகிறவரை வீட்டுக்கு ஒரு சேதியும் கிடையாது என்று ஆச்சி சொல்வாள். நான் பினாங்கில் என் அடுக்குமாடி வீட்டு ஜன்னலிலிருந்து எதிர் மரத்துக்கு ஒரு கம்பி கட்டி, தினமும் காலையில் 14 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்தேன். பேசும் உரிமம் எனக்கு இங்கே இல்லை. கேட்கத்தான் முடியும். முதல் மூன்று நாள் வெறும் இரைச்சல். பயப்படவில்லை. அந்த அலை வானில் மோதித் திரும்பி இறங்குவதற்கே ஆயிரம் கிலோமீட்டர் போல ஆகும். அவர்கள் இன்னும் அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை.

ஆறாம் நாள் காலை, இரைச்சலுக்கு அடியில் சித்தப்பா குரல். யாரோ ஒரு ஆஸ்திரேலியருக்குத் தன் இடத்தையும் காற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். லங்காவியிலிருந்து 710 கடல் மைல், வடகிழக்குக் காற்று, எல்லோரும் நலம். முடிக்கும் முன்னால் தமிழில் ஒரு வரி சொன்னார்.

"தம்பி, கேட்டுக்கிட்டு இருந்தியானா, கீழ் இன்சுலேட்டர்ல உப்பு படிஞ்சிருந்துச்சு, நல்ல தண்ணில துடைச்சுட்டேன்."